எதிர்க்கடைக்கு இன்னொரு போர்டு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் என் இடுப்பு வலியும் ஏணியும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டு மகாராணியும் வாண்டும் சுகம்தானே? வாண்டு இப்போது என்ன எடை இருக்கிறாள் என்று எழுது. தூக்கிப் பழக அதே எடையில் இங்கே ஒரு பெயிண்ட் டின் பார்த்து வைக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றதால் வகுப்புக்கு ஒரு தடவை. ஊர் முழுக்கக் கடை போர்டு எழுதுகிறவள்தான், ஆனால் எழுத்து அரை அடி உயரம் இருந்தால்தான் என் கண்ணும் கையும் ஒத்துப்போகும். நீ கடுகு கடுகாக எழுதுகிறாய்.

நீ கேட்டதற்குப் பதில், வருகிறேன். ஜூன் மாதம் மகாராணி மறுபடி வேலைக்குப் போகும்போது வீட்டில் ஆள் வேண்டும் என்கிறாய், நியாயம். கடையை மூடிவிட்டு ஒரேயடியாக உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய், அதுவும் நியாயம். "வயதான காலத்தில் ஏணி ஏற வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை மட்டும் கறுப்பு எனாமல் பெயிண்ட் வைத்து அழித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தேழுதான் ஆகிறது.

கையில் ஐந்து போர்டு பாக்கி. மருந்துக்கடை, சைக்கிள் கடை, பல் டாக்டர், பள்ளிக்கூட வாசல், அப்புறம் எதிர்க்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தையல்காரர். இந்த ஐந்தும் முடிந்தால் பிரஷ்களைக் கழுவிக் கட்டிவிடுவேன்.

தையல்காரர் ஒரு தினுசு. மெஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டு என் கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வாயில் எப்போதும் நாலு குண்டூசி, அதனால் பேச்சு கிடையாது. போர்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "சட்டை தைக்கும் இடம்" என்றார். மறுபடி நாலையும் வாயில் வைத்துக்கொண்டார். கடைக்குப் பேர் வேண்டாமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார். தையல்காரர் வார்த்தையை முழம் போட்டு விற்கிறார் போலிருக்கிறது.

விரல் மரத்துவிட்டது. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏணியை விட்டு இறங்கப்போகும் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதியது. நாங்கள் மூவரும் நலம். உன் இடுப்புக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

1. நீ ஒப்புக்கொண்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

2. வடக்குப் பக்கத்து அறையை உனக்கு ஒதுக்கியாகிவிட்டது. கட்டில் வந்துவிட்டது. திரைச்சீலை என்ன நிறத்தில் வேண்டும் என்று தெரிவிக்கவும்.

3. ஏப்ரல் 10க்குள் வந்துவிட்டால் குழந்தை உன்னிடம் பழக இரண்டு மாதம் கிடைக்கும்.

4. குழந்தையின் எடை ஏழே முக்கால் கிலோ. பெயிண்ட் டின்னோடு ஒப்பிட வேண்டாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 2

அன்புள்ள ஆபீசர் தம்பிக்கு,

அக்கா நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய தைலத்தில் வலி போகவில்லை, ஆனால் பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் வாசனை போய்விட்டது, தெருவில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இனி அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் நம்பர் போடாதே. மூன்றாவது நம்பர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

நாலு போர்டு முடிந்தது. ஐந்தாவதுதான் இழுக்கிறது. கேள். தையல்காரர் போர்டை நீலத்தில் வெள்ளை வைத்து அழகாக எழுதி மாட்டிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மனுஷன் ஏணிமேல் நிற்கிறார், கையில் இஞ்ச் டேப். என் எழுத்தை அளக்கிறார். முப்பது வருடத்தில் என் எழுத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு, அளவெடுத்தவர் கிடையாது. இறங்கி வந்து, ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, 'ட'வுக்கும் 'ம்'முக்கும் நடுவில் மற்ற இடங்களைவிடக் கால் இஞ்ச் குறைகிறது என்றார்.

வேண்டுமென்றேதான் குறைத்தேன் என்று சொன்னேன். 'ட' இருக்கிறதே, மேலே திறந்து கிடக்கும் எழுத்து. காற்றை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அடுத்த எழுத்தை நெருக்கி வைக்காவிட்டால் நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். டேப்புக்குச் சரியாக இருப்பது கண்ணுக்குச் சரியாக இருக்காது. இதெல்லாம் சொன்னேன். தையல்காரர் பணிவாகக் கேட்டுவிட்டு, டேப்படியே எழுதித் தாருங்கள் என்றார். சரி, உன் தலையெழுத்து என்று டேப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவைத் தாண்டி வந்து, "நீங்க சொன்னதுதான் சரிங்க. பழையபடியே எழுதிடுங்க" என்றார்.

தப்பை ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையை இந்தத் தெரு பார்த்ததில்லை. சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். ஆக மொத்தம் தையல்காரர் போர்டு மூன்றாவது முறையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. அதனால் ஏப்ரல் 10 கொஞ்சம் தள்ளிப்போகும். திரைச்சீலை எந்த நிறமானாலும் சரி, நீலம் மட்டும் வேண்டாம். ஒரு மாதமாகப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கால் இஞ்ச் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நம்பர் போடவில்லை.

ஒரு போர்டை எதற்கு மூன்று முறை எழுத வேண்டும் என்று புரியவில்லை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதானே? நீ இரக்கம் பார்ப்பது தெரிந்து அந்த ஆள் உன்னை அலைக்கழிக்கிறான். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை நான் ஆபீசில் தினமும் பார்க்கிறேன். கண்டிப்பாக இரு.

உன் அறைக்கு மஞ்சள் திரை வாங்கியாகிவிட்டது. தேதியைச் சொல்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா குண்டாகவும் சுகமாகவும் இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடு. கண்டிப்பாக இருக்கச் சொன்னாய், இருந்தேன். பலன் என்ன என்று கேள்.

பெரிய போர்டு முடிந்த மறுநாள் தையல்காரர் வந்தார். "அளவு இங்கே எடுக்கப்படும்" என்று ஒரு சின்ன போர்டு வேண்டுமாம். கடை மொத்தமே பத்துக்கு எட்டு. அளவை அங்கே எடுக்காமல் கூரைமேலா எடுப்பார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சில பேருக்குச் சந்தேகம் வரலாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, "பொத்தான் தைத்துத் தரப்படும்". அதற்கடுத்த வாரம், "விடுமுறை". தையல்காரர் கடை திறந்த நாளிலிருந்து ஒரு நாளும் மூடியதில்லை. எப்போது லீவு போடப்போகிறீர்கள் என்றால், போடும்போது போர்டு இல்லாமல் தவிக்கக் கூடாதல்லவா என்கிறார். உன்னை மாதிரியே முன்யோசனைக்காரர். உங்கள் இருவரையும் ஒரே ஆபீசில் போட்டால் ஊருக்கு விடிவு காலம்.

மனுஷன் தனி ஆள். பெண்டாட்டி தவறிப் பல வருடம் ஆகிறதாம். இதைக்கூட நான் ஊசி எண்ணிக்கொண்டு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். பிரித்தால், வேலை செய்யும்போது மேலே கட்டிக்கொள்ள ஓர் அங்கி. முன்னால் ஏழு பை, ஒவ்வொரு பிரஷ் அகலத்துக்கும் ஒன்று. அளவெடுக்காமல் எப்படித் தைத்தீர்கள், கழுத்திலிருந்து இடுப்பு வரை இழையாகப் பொருந்துகிறதே என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். தையல்காரர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "கண்ணளவுதாங்க" என்றார். காது சிவந்துபோயிற்று. அவருக்கு.

ஏப்ரல் முடியாது தம்பி. மே மாதம் பார்க்கலாம். அடுத்து "நூல் கிடைக்கும்" என்று ஒரு போர்டு கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஏழு பை அக்கா

ஏப்ரல் 8

எதிர்க்கடைத் தையல்காரர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடைக்கு எதிரே போர்டு எழுதும் அம்மாளின் தம்பி நான்.

என் அக்கா கடையை மூடிவிட்டு நிரந்தரமாக எங்களோடு வந்து இருக்கப்போவதாக பிப்ரவரியிலேயே ஒப்புக்கொண்டுள்ளார். தாங்கள் அடுத்தடுத்துக் கொடுத்துவரும் வேலைகளால் அது தாமதமாகிறது. எனவே இனி எந்தப் புதிய போர்டும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நூல் கிடைக்கும் என்பதைத் தாங்கள் வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தம்பி

ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

வணக்கம். நலம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் அக்கா இந்த ஊரை விட்டுப் போகிறார் என்பது தங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இதுவரை கேட்ட போர்டுகளிலும், முதல் போர்டைத் தவிர எதுவும் எனக்குத் தேவையில்லைதான். இனிமேல் கேட்க மாட்டேன்.

தங்களுக்கு ஏற்பட்ட இடைஞ்சலுக்கு வருந்துகிறேன். கழுத்து, தோள், கை அளவுகளை எழுதினால் ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தையல்காரர்

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலம்தானே?

வேலை எல்லாம் முடிந்தது. மே 20 ரயிலுக்கு டிக்கெட் எடு. கடைச் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்க்கடையில் மூன்று நாளாக "விடுமுறை" போர்டு தொங்கியது. இப்போது எடுத்துவிட்டார்கள். மெஷினைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறது. வெயில் அடிக்கிறதோ என்னவோ.

இங்கே மழை.

அக்கா

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலம் இல்லை என்று தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தைக் காட்டி, "பார்த்தாயா, அக்கா கடைசியில் ஒழுங்காகக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டாள்" என்று உங்கள் தம்பி சந்தோஷப்பட்டார். நான் வாங்கிப் படித்தேன். அதில் ஒரு கேலிகூட இல்லை. பயந்துபோய் பழைய மூன்று கடிதங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவற்றில் தையல்காரர் ஒன்பது தடவை வருகிறார், மனுஷன் என்று வருவது தனி. எங்கள் குழந்தை ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், அதுவும் பெயிண்ட் டின்னாக.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று உங்கள் தம்பியைக் கேட்டேன். "அந்த ஆள் தொந்தரவு கொடுக்கிறான் என்று அர்த்தம். அதனால்தான் நிறுத்தச் சொல்லி நானே எழுதிவிட்டேன்" என்றார். எழுதியதற்கு நகலும் வைத்திருந்தார், வந்த பதிலையும் வைத்திருந்தார். இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலை மட்டும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எல்லாவற்றையும் நான் விளக்கிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் உங்கள் தம்பி தலையில் கைவைத்து, "போர்டுக்காக இல்லையா?" என்றார். இவரை எப்படி அண்ணி பள்ளிக்கூடத்தில் முதல் மாணவன் என்றார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் ஆபீசில் கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, பிப்ரவரியிலேயே இடம் தருகிறேன் என்றார்கள். இவர்தான் வேண்டாம் என்றார். குழந்தைக்கு ஆள் தேடவில்லை அண்ணி, நீங்கள் ஏணியிலிருந்து விழுந்துவிடுவீர்களோ என்று அவருக்குப் பயம். அதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் வேலையைக் காரணமாக எழுதினார். காப்பகத்தில் பேர் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் எங்களுக்காக வர வேண்டாம். டிக்கெட் இருக்கிறது, ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் தம்பி அங்கே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். நாலாவது தாள் கிழிகிறது.

அன்புடன்,
உங்கள் மகாராணி

மே 7

எதிர்க்கடைத் தையல்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நலமறிய ஆவல். இந்த முறை மெய்யாகவே.

ஏப்ரல் 8ஆம் தேதியிட்ட என் கடிதம் இதன் மூலம் முழுமையாகத் திரும்பப் பெறப்படுகிறது. தாங்கள் எத்தனை போர்டு வேண்டுமானாலும், எந்த வாசகத்துடனும், எவ்வளவு காலத்துக்கும் கொடுக்கலாம். எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை. இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு மே 20 ரயிலில் டிக்கெட் உள்ளது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கழுத்து பதினைந்தரை. மற்ற அளவுகளை நேரில் பார்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி

மே 27

அன்புள்ள தம்பிக்கும் தம்பியை மேய்க்கும் மகாராணிக்கும்,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நலம். வாண்டு எப்படி இருக்கிறாள்? வாண்டுக்கு இப்போது எத்தனை பல்? வாண்டு காப்பகத்துக்குப் போக அழுகிறாளா? எண்ணிக்கொள் மகாராணி, ஒரே வரியில் மூன்று தடவை.

நான் ரயில் ஏறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரமாக ஏன் எழுதவில்லை என்றால், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இது அரை அடி எழுத்தில்கூட எனக்கு வராத சமாச்சாரம்.

மகாராணி கடிதம் வந்த அன்றே நான் எதிர்க்கடைக்குப் போய்ப் பேசியிருக்கலாம். தெரு பன்னிரண்டு அடிதான். ஊரெல்லாம் வாயாடும் உன் அக்காவால் அதைத் தாண்ட முடியவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லாதவள், இப்போது என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவாள்? பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் தேதி அவரே வந்தார். கையில் உன் இரண்டாவது கடிதம். வாயில் ஊசி இல்லை.

"உங்க தம்பி அனுமதி கொடுத்திருக்கார்" என்றார்.

"எதுக்கு?"

"போர்டுக்கு."

கடை முன்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாராம், அதில் எழுத வேண்டுமாம். வாசகம் என்ன என்று கேட்டதற்கு, எனக்குத் தோன்றியதை எழுதச் சொன்னார்.

கண்ணாடியில் எழுதுவது தனி வேலை தம்பி. வெளிப்பக்கம் எழுதினால் மழையும் கையும் பட்டு ஒரே வருடத்தில் உரிந்துவிடும். அதனால் கடைக்குள்ளே உட்கார்ந்து, கண்ணாடியின் உள்பக்கத்தில், எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும். அப்போதுதான் தெருவில் நிற்பவருக்கு நேராகத் தெரியும். எனக்கு இது தூக்கத்தில்கூட வரும். மருந்துக்கடைக் கண்ணாடி, பல் டாக்டர் கண்ணாடி எல்லாம் இந்தக் கை எழுதியதுதான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கடைக்குள் இருந்தேன். கத்தரிக்கோல், வெட்டுத்துணி மூட்டை, எனக்கென்று துடைத்துப் போட்ட ஒரு முக்காலி. மெஷினைப் பழையபடி தெருவைப் பார்த்துத் திருப்பியிருந்தார். அவர் தைத்தார், நான் எழுதினேன். நான் ஏதாவது கேலி பேசுவேன், மெஷின் நின்றுபோகும். மெஷின் நின்றால் என் பிரஷும் நின்றுபோகும். மத்தியானத்துக்குமேல் அவரே பதிலுக்கு ஒரு கேலி செய்தார். சுமாரான கேலிதான், ஆனாலும் நான் சிரித்த சிரிப்பில் ஒரு எழுத்தைத் துடைத்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று. "உள்ளே வாருங்கள்" என்று எழுதி, நிழல் கொடுத்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து முடித்தேன். இந்த வருடத்தில் என் கை செய்த நல்ல வேலை அதுதான்.

பிறகு வழக்கம்போலத் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன்.

திருப்பி எழுத மறந்துவிட்டேன். உள்ளே இருப்பவருக்கு நேர், தெருவில் இருப்பவருக்கு ஒரு எழுத்துகூட முகம் காட்டவில்லை. முப்பது வருட வேலைக்காரி, முதல் நாள் பிரஷ் பிடித்தவள்கூடச் செய்யாத தப்பைச் செய்திருக்கிறேன். சைக்கிள் கடைக்காரர் கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், இது எந்த நாட்டுப் பாஷை என்று விசாரித்தார். பல் டாக்டர் நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்டுவதற்காக உள்ளே போனேன். அவர் எழுந்து கண்ணாடிக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"சுரண்டாதீங்க."

"தெருவே சிரிக்குது. நகருங்க."

"தெருவுக்குத்தான் மேலே போர்டு இருக்கே. நாள் பூரா இங்கே உட்கார்ந்திருக்கிறது நான்தான். எனக்குப் படிக்க வருது, போதும்."

"உள்ளே இருக்கிற ஆளுக்கு இது எதுக்கு?"

"தினமும் படிப்பேன்" என்றார். கொஞ்சம் நின்று, "நீங்க ரயில் ஏறாம இருந்தா" என்றார்.

எனக்கு வாய் இல்லாமல் போனது என்று ஒரு நாள் உண்டா தம்பி? அன்று போயிற்று. அவர்தான் கடைசியில், "ஏதாவது கேலி பண்ணுங்க, பயமா இருக்கு" என்றார்.

"என் தம்பி மறுபடி லெட்டர் போடுவான்" என்றேன்.

"போடட்டும். நான் பதில் எழுதிக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன்.

ஜூன் 24 காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சாட்சிக்கு சைக்கிள் கடைக்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், நீ ஒருவன். லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் வாருங்கள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஆபீஸ் புத்தகத்தில் தேடாதே. அத்தான் என்று கூப்பிடு. எனக்கு ஒதுக்கிய அறையை வாண்டுக்குக் கொடு, வளர்ந்துவிடுவாள். ஏணியைப் பற்றிப் பயப்படாதே. இப்போதெல்லாம் நான் ஏறினால் கீழே ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்த நேரம் தையல் ஓடுவதில்லை.

ஆனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் கண்ணாடிமுன் நின்று கழுத்தை ஒடித்துப் பார்க்கிறார்கள். பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்டவர்களை அப்படியே நிற்கவைத்து அளவெடுத்துவிடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கும் அக்கா